வேப்பமர நிழலில் லில்லி: மூன்று வகை நட்டேன், இலைதான் வருகிறது

வேம்படி வீடு, கோவை
ஜனவரி 18

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடவள்ளிப் பக்கம். வாசல் தெற்குப் பார்த்தது. தோட்டம் வீட்டுக்குப் பின்னால், வடக்கில். 12 அடி அகலம், 30 அடி நீளம். வடகிழக்கு மூலையில் மாமனார் வைத்த வேம்பு நிற்கிறது. மேற்கே பக்கத்து வீட்டு மாமரம் மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் கவிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழுவதுதான் எங்களுக்கு வெயில்.

எனக்கு லில்லி என்றால் உயிர். சின்ன வயதில் வால்பாறையில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வாசற்படியின் இரண்டு பக்கமும் சிவப்பு லில்லி வரிசையாகப் பூத்து நிற்கும். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்லை. அந்த ஞாபகத்தில்தான் இங்கே ஆரம்பித்தேன்.

முதலில் ஏசியாடிக் லில்லி. நவம்பரில் ஆன்லைனில் 6 கிழங்கு வாங்கித் தொட்டியில் வைத்தேன். ஜனவரியில் நான்கு பூத்தன, ஆரஞ்சு நிறம், அவ்வளவு அழகு. மார்ச்சில் காய்ந்துவிட்டது. அடுத்த வருடம் முளைக்கவே இல்லை. கிளறிப் பார்த்தால் பூண்டுப்பல் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அப்புறம் அமரில்லிஸ் 5 கிழங்கு, வேம்பின் அடியில் நேராக மண்ணில் வைத்தேன். இரண்டு வருடமாக இலை மட்டும்தான். மூன்றாவது ஸ்பைடர் லில்லி, தெரிந்தவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. புதர் மாதிரி அடர்ந்திருக்கிறது, போன வருடம் முழுக்க இரண்டே தண்டு பூ.

வேம்பின் பெரிய கொப்பை வெட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாமியாருக்கு மனசில்லை. மாமனார் கையால் வைத்த மரம். வெட்டினால்தான் பூக்கும் என்றால் அவரிடம் பேசிப் பார்க்கலாம். உண்மையிலேயே நிழல்தான் காரணமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மூன்றாம் மாடி, சென்னை
ஜனவரி 18

பூச்செடிக்கு 6 மணி நேர வெயில் இல்லாமல் ஒன்றும் நடக்காது சகோதரி. மரத்தை அடியோடு வெட்ட வேண்டாம், அந்த ஒரு கொப்பை மட்டும் எடுங்கள். மண்ணில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிறையக் கலந்து, தினமும் லேசாகத் தண்ணீர் கொடுங்கள். ஈரம் குறைந்தால் மொட்டு வராது.


நாஞ்சில் மண், நாகர்கோவில்
ஜனவரி 19

கொஞ்சம் பொறுங்கள் தம்பி, கொப்பில் கை வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

லில்லி என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிறோமே தவிர, அவை ஒரே குடும்பம்கூட இல்லை. ஏசியாடிக், ஓரியன்டல் என்று வருவதுதான் அசல் லில்லி, லிலியம். அதன் கிழங்கு பூண்டு மாதிரி செதில் செதிலாக இருக்கும். மேல்தோல் கிடையாது. அமரில்லிஸ் என்று நர்சரியில் கொடுப்பது ஹிப்பியாஸ்ட்ரம், வெங்காயம் மாதிரி தோல் போட்டது. ஸ்பைடர் லில்லி, ரெயின் லில்லி, ஃபுட்பால் லில்லி எல்லாம் அதற்குத்தான் சொந்தம். பீஸ் லில்லிக்கு இந்த மாதிரிக் கிழங்கு கிடையாது, அது சேம்பு வகை. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய வெயில் வேறு, தண்ணீர் வேறு, தூங்குகிற மாதம் வேறு. மூன்று செடி பூக்காமல் போனதற்கு மூன்று காரணம் இருக்கலாம் அம்மா. எல்லாப் பழியையும் வேம்பின் தலையில் போடாதீர்கள்.

தினசரித் தண்ணீர் என்ற யோசனையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிழலில் மண் காய்வது மெதுவாக. அதில் கோகோபீட்டையும் சேர்த்து தினமும் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணியிலிருந்து மணிக்கு ஒரு தடவை பின்னால் போய், வெயில் எங்கே விழுகிறது என்று கல் வைத்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். அமரில்லிஸை எத்தனை அங்குல ஆழத்தில் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.


மலைத்தோட்டம், கொடைக்கானல்
ஜனவரி 20

ஏசியாடிக் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 22 வருடமாக லிலியம் வளர்க்கிறேன்.

உங்கள் கிழங்கு சுருங்கியதற்கு நிழல் காரணம் இல்லை அம்மா. அசல் லில்லிக்குக் குளிர் வேண்டும். ஹாலந்திலிருந்து வருகிற கிழங்கை வாரக்கணக்கில் குளிர் அறையில் வைத்திருந்துதான் அனுப்புகிறார்கள். அந்தக் குளிரை வயிற்றில் வாங்கிக்கொண்டு வந்ததால் உங்கள் வீட்டில் ஒரு தடவை பூத்தது. பூத்த பிறகு இலை பச்சையாக நின்று கிழங்கைத் திரும்ப நிரப்ப வேண்டும். கோவை மார்ச் வெயிலில் அந்த இலை நிற்காது. நின்றாலும் அடுத்த குளிருக்கு எங்கே போவது? இங்கே மார்கழி, தை இரவுகளில் 8, 9 டிகிரிக்கு இறங்கும், அதனால் வருடா வருடம் வருகிறது.

என் லில்லிகள் முக்கால்வாசி அரை நிழலில்தான் இருக்கின்றன. பேரிக்காய் மரத்துக்குக் கிழக்கே வரிசையாக வைத்திருக்கிறேன். காலையில் 4 மணி நேரம் வெயில், அப்புறம் மர நிழல். முழு வெயிலில் வைத்தவற்றைவிட இவற்றில் பூ கூடுதலாக மூன்று நான்கு நாள் நிற்கிறது, நிறமும் வெளுப்பதில்லை. நிழல் அதிகமானால் தண்டு வெளிச்சத்தைத் தேடிச் சாயும், அதற்கு ஒரு குச்சி போதும். கிழங்கு எவ்வளவு உயரமோ அதைப்போல் மூன்று மடங்கு ஆழத்தில் வையுங்கள். லிலியத்துக்குக் கிழங்குக்கு மேலே தண்டிலும் வேர் விடும். மேலாக வைத்தால் அந்த வேருக்கு மண் கிடைக்காது.

இங்கே மலையிலேயே பிறந்த அசல் லில்லியும் ஒன்று உண்டு. வெள்ளை, நீளமான குழல் பூ, நல்ல வாசனை. பழனி மலையிலும் நீலகிரியிலும் புல் சரிவுகளில் மழைக்காலத்தில் பூக்கும். புல்லுக்கு நடுவில் அதன் அடி நிழலில் இருக்கும், தலை மட்டும் வெளியே வெயிலைப் பார்க்கும். லில்லிக்கு என்ன பிடிக்கும் என்பதை அந்தச் சரிவில் நின்று பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன். பார்க்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள், தயவுசெய்து கிழங்கைத் தோண்டாதீர்கள். கீழே கொண்டுபோனால் அது பிழைக்காது, இங்கேயும் ஒன்று குறைந்துவிடும்.


மூன்றாம் மாடி, சென்னை
ஜனவரி 20

ஐயா சொல்வது சரி. நான் ஒரு வருடம் கிழங்கை ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். ஓட்டை போட்ட கவரில் லேசான ஈர கோகோபீட்டுக்குள் 8 வாரம் வைத்திருந்தேன். பழம் வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, ஆப்பிள், வாழை விடுகிற வாயு மொட்டைக் கெடுக்கும். இவ்வளவு செய்தும் ஆறில் இரண்டுதான் பூத்தது, அதுவும் குட்டையாக. சமவெளியில் ஏசியாடிக்கை ஒரு சீசன் பூவாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.


வேம்படி வீடு, கோவை
ஜனவரி 26

நாஞ்சில் அம்மா சொன்னபடி நேற்று முழுநாளும் கல் வைத்தேன். மகளும் கூட வந்தாள், அவள்தான் நோட்டில் எழுதினாள்.

காலையில் கிழக்கு ஓரமாகச் சாய்ந்த வெயில் வருகிறது, 10 மணிக்குள் போய்விடுகிறது. அப்புறம் வீட்டின் நிழலே தோட்டத்தில் விழுகிறது. எனக்கு இது ஆச்சரியம். இத்தனை வருடம் மரத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். மதியம் 12.30-க்கு டேப் வைத்து அளந்தேன். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து வீட்டுச் சுவர் 14 அடி உயரம், அதன் நிழல் சுவரிலிருந்து 8 அடி. 12 அடித் தோட்டத்தில் கடைசி 4 அடிதான் அந்த நேரத்தில் வெயிலைப் பார்க்கிறது. சாயங்காலம் மாமர நிழல்.

அமரில்லிஸ் 5 அங்குலத்துக்குக் குறையாமல் ஆழத்தில் இருக்கும். கழுத்து தெரியக் கூடாது என்று நினைத்து மூடிவிட்டேன்.


கூரைவெயில், ஈரோடு
ஜனவரி 26

நான் சோலார் பேனல் மாட்டுகிற வேலையில் இருக்கிறேன். செடி பற்றி அதிகம் தெரியாது, நிழல் பற்றித் தெரியும். அக்கா எடுத்த அளவு கச்சிதம். ஆனால் அதை வருடம் முழுவதுக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று இணையத்தில் எழுதியிருப்பதெல்லாம் ஐரோப்பா, அமெரிக்காவுக்குப் பொருந்தும். அங்கே மதியச் சூரியன் எப்போதும் தெற்கில்தான். நம் ஊர் அப்படி இல்லை. கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிட்டு, அதற்கப்புறம் வடக்கே நகர்ந்துவிடும். ஆவணி முதல் வாரம் வரை மதியச் சூரியன் உங்கள் வீட்டுக்கு வடக்கே நிற்கும். அந்த நாலு மாதமும் மதியத்தில் உங்கள் சுவர் பின்பக்கம் நிழலே போடாது. இன்றைக்கு 8 அடி நிழல் விழுகிற இடத்தில் மே மாதம் நேர் வெயில் இறங்கும். மாறாக மார்கழியில் சுவர் நிழல் இன்னும் ஒன்றரை அடி நீளும்.

காலையும் மாறும். மே, ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும், அதாவது வேம்புக்குப் பின்னாலிருந்து. இலை வழியாகச் சல்லடை வெயில் வரும். சாயங்காலம் வடமேற்கில் இறங்கும்போது மாமரம் மறைக்கும். ஆக வெயில் காலத்தில் 11-லிருந்து 2 வரைதான் கடுமை. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு எந்தச் செடி எங்கே என்று பெரியவர்கள் சொல்லட்டும்.


நாஞ்சில் மண், நாகர்கோவில்
ஜனவரி 27

நல்ல விவரம் சொன்னீர்கள் தம்பி. எனக்கும் இது பல வருடக் கேள்விக்குப் பதில். எங்கள் வடக்குத் திண்ணை ஓரத்து யூகாரிஸ் லில்லி ஏன் சித்திரையில் மட்டும் கருகுகிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சரி, வேம்படி. உங்கள் தோட்டத்தில் பூக்கக்கூடியவை எனக்குத் தெரிந்து நான்கு.

முதலாவது ஃபுட்பால் லில்லி. நிழலுக்கென்றே பிறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்றாலும் நம் கோடைமழையோடு அப்படிப் பொருந்திப் போகிறது. மார்கழி, தை, மாசியில் மண்ணுக்குள் தூங்கும். சித்திரையில் முதல் மழை விழுந்ததும் இலைக்கு முன்னால் பூத்தண்டு வரும். ஒரு கிழங்குக்கு வருடத்தில் ஒரே ஒரு பந்து. அதில் 100, 200 சின்னப் பூக்கள் இருக்கும். வேம்பின் அடிக்கு அது சரி. இப்போது தூங்குகிற காலம், நடுவதற்கு ஏற்ற நேரம்.

இரண்டாவது யூகாரிஸ். அமேசான் லில்லி என்றும் சொல்வார்கள். தலை குனிந்த வெள்ளைப் பூ, நன்றாக மணக்கும். காட்டு மரங்களின் அடியில் வளர்கிற செடி, நேர் வெயில் ஆகாது. தொட்டியில் வேர் நெருக்கிக்கொண்டால்தான் பூக்கும். அடிக்கடி தொட்டி மாற்றினால் கோபித்துக்கொள்ளும். நான்கு வாரம் தண்ணீரைக் குறைத்து, இலை லேசாகத் தொய்ந்த பிறகு நன்றாக ஊற்றி உரம் கொடுத்தால் பூத்தண்டு கிளம்பும். மாமரத்தின் அடர்ந்த நிழல் இதற்குத்தான்.

மூன்றாவது நீங்கள் வைத்திருக்கிற ஸ்பைடர் லில்லி. நிழலில் இருக்கும், பூ குறையும். உங்களுடையது நெருக்கத்தாலும் பூக்காமல் இருக்கிறது. பிரித்து, வடக்கு மதில் ஓரம் அந்த 4 அடிப் பட்டையில் ஒன்றரை அடி இடைவெளியில் வையுங்கள். கூடவே முன்வரிசையில் நான்காவது வகையாக ரெயின் லில்லி, 2 அங்குல ஆழம் போதும்.

அமரில்லிஸை மட்டும் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதைத் தோண்டிப் பார்க்காமல் பேச முடியாது. எங்கள் வீட்டுப் பலாவடியில் இப்படித்தான் ஒன்று மூன்று வருடம் இலையாகவே நின்றது. களைக்கொத்தியால் சுற்றிலும் நெம்பி எடுத்தேன். கிழங்கு கையோடு வரவில்லை, ஒரு பாயைத் தூக்குவது போல மண்ணோடு சேர்ந்து வந்தது. பார்த்தால் பலாவின் மயிர்வேர் கிழங்கைச் சுற்றி வலை பின்னியிருக்கிறது. நான் போட்ட தொழுவுரம், ஊற்றிய தண்ணீர் எல்லாம் பலாவுக்குப் போயிருக்கிறது. நிழலில் செடி சாவதாக நாம் நினைக்கிற இடத்தில் பாதிக்கு மேல் இந்த வேர்ப் போட்டிதான் நடக்கிறது. உங்களுடையதையும் ஒன்று எடுத்துப் பாருங்கள்.


வேம்படி வீடு, கோவை
ஜனவரி 28

அம்மா, எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருக்கிறது. வேம்பின் வேர் சிவப்பாக, நூல் நூலாகக் கிழங்கின் அடித்தட்டைச் சுற்றி இறுக்கியிருக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரித்தேன். வாங்கும்போது சாத்துக்குடி அளவு இருந்த கிழங்கு இப்போது சின்ன எலுமிச்சை அளவு. கழுத்து மட்டும் நீளமாக, வெள்ளையாக, மேலே வருவதற்கே தன் பலத்தையெல்லாம் செலவு செய்தது போல இருந்தது. ஐந்தையும் எடுத்துவிட்டேன். மாமியார் பார்த்துவிட்டு, "பாவம், இதைப் போய் மரத்தோடு சண்டைக்கு விட்டிருக்கிறாயே" என்றார்.

இனி என்ன செய்ய? செங்கல் வைத்து மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டலாமா?


நாஞ்சில் மண், நாகர்கோவில்
ஜனவரி 28

பாத்தி வேண்டாம். ஒரே வருடத்தில் வேம்பு வேர் மேலே ஏறி வந்துவிடும், புது மண் அதற்கு விருந்து. அடிமரத்தைச் சுற்றி மண் குவித்தால் பட்டையும் அழுகும்.

10 அங்குலத் தொட்டியை விளிம்பு வரை மண்ணில் புதைத்து அதற்குள் நடுங்கள். அடியில் ஓட்டைக்கு மேல் ஓட்டுச்சில்லு, அதன்மேல் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டியைப் பிடித்து அரை வட்டம் திருகிவிட்டால், ஓட்டை வழியாக நுழைந்த வேர் அறுந்துபோகும். ஃபுட்பால் லில்லிக்கும் இதுவே.

அமரில்லிஸ் கிழங்கை ஐந்து வாரம் நிழலில் காற்றோட்டமாக உலர விடுங்கள். மார்ச் முதல் வாரம் நடுங்கள், மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியட்டும். அதை நடுப்பகுதியில் வையுங்கள். சிறுத்துப்போன கிழங்கு, இந்த வருடம் எல்லாம் பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.


மூலனூர் விவசாயி, திருப்பூர் மாவட்டம்
ஜனவரி 30

எங்க பக்கத்துச் செடி பேச்சே வரலையேன்னு எழுதுகிறேனுங்க. செங்காந்தள், நாங்கள் கண்வலிக்கிழங்கு என்போம். ஆங்கிலத்தில் அதற்கும் லில்லி என்றுதான் பெயர். தமிழ்நாட்டின் மாநில மலர். எங்கள் பகுதியில் விதைக்காக ஏக்கர் கணக்கில் போடுகிறோம். அந்தக் காலத்தில் கிளுவை வேலியில் தானாக ஏறிக் கிடந்த கொடி.

வீட்டில் வைப்பதென்றால் ஆடியில் கிழங்கு ஊன்றுங்க. கலப்பை மாதிரி இரண்டு கை விரித்த கிழங்கு, முளை அதன் நுனியில்தான் இருக்கும். நுனி உடைந்தால் முளைக்காது, அதனால் பிஞ்சுக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். அடி நிழலாக இருக்கலாம், கொடி ஏறிப் போய் வெயிலைப் பிடித்துக்கொள்ளும். இலை நுனியே சுருண்டு பிடித்துக்கொண்டு ஏறும், கட்டிவிட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், அப்புறம் பாதி சிவப்பு, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்றையும் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. கிழங்கு முதல் விதை வரை எல்லாமே விஷம், உயிருக்கே ஆபத்து. மகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சோப்பு போட்டுக் கழுவணும். சமையலறையில் வைக்கவே கூடாது, சின்னக் கிழங்கைப் பார்த்தால் ஏதோ சாப்பிடுகிற கிழங்கு மாதிரி இருக்கும்.


பனிமுற்றம், ஸ்காபரோ, கனடா
ஜனவரி 31

செங்காந்தள் என்று வாசித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு அது கார்த்திகைப்பூ. யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு வேலியில் மாரி தொடங்கினால் அது பூத்துக் கிடக்கும். அம்மம்மா கிட்டப் போக விடமாட்டா.

இங்கே என் வீட்டுப் பின்வளவு மேப்பிள் மர நிழல். மலைத்தோட்டம் ஐயா சொன்ன அசல் லில்லிகளை இப்போது பனி மூடியிருக்கிறது, வெளியே மைனஸ் 14. சித்திரைக் கடைசியில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். மர நிழலுக்கு மார்டகன் என்றொரு இனம் நான் வைத்திருக்கிறேன். இதழ் பின்னால் சுருண்ட சின்னப் பூக்கள், ஒரு தண்டில் இருபது முப்பது தொங்கும். நட்ட முதல் வருடம் சில கிழங்கு வெளியே தலைகாட்டாமல் மண்ணுக்குள் வேர் மட்டும் விடும். செத்துப்போச்சு என்று கிண்டிப் பார்த்து நான் இரண்டைக் கெடுத்தேன். இங்கே எங்களுக்கு எதிரி ஒரு சிவப்பு வண்டு. அதின் புழு தன் எச்சத்தையே முதுகில் பூசிக்கொண்டு இலையைத் தின்னும். தினமும் காலையில் கையால் பொறுக்கி எடுப்பதுதான் வேலை.

அங்கே புழுப் பிரச்சினை இல்லையோ?


மூன்றாம் மாடி, சென்னை
பிப்ரவரி 1

இருக்கிறது அக்கா. கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி, சிவப்புப் புள்ளி போட்ட புழு. பார்க்க அழகாக இருக்கும். இலையின் அடியில் முட்டையாக இருக்கும்போதே கவனிக்காவிட்டால், ஸ்பைடர் லில்லியை இரண்டு ராத்திரியில் கழுத்து வரை தின்றுவிடும். மழை பெய்த வாரத்தில் சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்து, சோப்புத் தண்ணீரில் பொறுக்கிப் போடுவேன். வேப்பெண்ணெய் தெளித்தால் குஞ்சுப் புழுவுக்குக் கேட்கும், பெரியதற்குக் கேட்காது.

இன்னொன்று, பூனை வளர்க்கிறவர்கள் கவனியுங்கள். அசல் லில்லியும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மகரந்தம் மேலே பட்டு, நக்கினாலே போதும். என் அக்கா வீட்டுப் பூனை பொக்கேயில் இருந்த ஓரியன்டல் லில்லி இலையைக் கடித்துவிட்டு மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்தது. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தது.

வேம்படி சகோதரிக்கு: கொப்பை வெட்டச் சொன்னது அவசரத்தில் சொன்னது. வேர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் தரையோடு தாழ்ந்த சின்னக் குச்சிகளைக் கழித்தால் காற்றோட்டம் கிடைக்கும், இலைப்புள்ளி நோய் குறையும்.


நாஞ்சில் மண், நாகர்கோவில்
பிப்ரவரி 1

அது சரிதான், தாழ்ந்த குச்சிகளைக் கழிக்கலாம். ஆனால் மாசி வரை பொறுத்துப் பாருங்கள். வேம்பு தானே இலை உதிர்க்கும், பங்குனியில்தான் புதுத் தளிர் விடும். அமரில்லிஸ் கண் விழிக்கிற நேரத்தில் மரமே வழிவிட்டு நிற்கிறது. உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் தொட்டிகளின் மேல் இரண்டு அங்குலம் பரப்புங்கள். அமரில்லிஸ் கழுத்தை மட்டும் மூடாமல் விடுங்கள்.

உங்கள் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஃபுட்பால் லில்லி 4 கிழங்கும், யூகாரிஸ் 3 கன்றும் இங்கிருந்து அனுப்புகிறேன். காசு பற்றிப் பேசக் கூடாது.


வேம்படி வீடு, கோவை
மே 11

மூன்று மாதம் கழித்து வருகிறேன். எல்லோரும் மன்னிக்க வேண்டும், மகளுக்குப் பரீட்சை.

ஏப்ரல் கடைசி வாரம் இரண்டு நாள் நல்ல கோடைமழை. ஐந்தாம் நாள் காலை மாமியார்தான் முதலில் பார்த்தார். வேம்பின் அடியில் காய்ந்த இலையை ஒதுக்கிக்கொண்டு, கட்டைவிரல் தடிமனில், புள்ளி புள்ளியான ஒரு முளை. இலை ஒன்றும் இல்லை. நாளுக்கு இரண்டு அங்குலம் ஏறியது. மேலே இருந்த உறை பிரிந்ததும் உள்ளே மொட்டுகள் தீக்குச்சித் தலைகள் மாதிரி நெருக்கியடித்து நின்றன. நடுவிலிருந்து ஒவ்வொன்றாக விரிந்து நான்காம் நாள் முழுப் பந்து. ஒவ்வொரு பூவின் நுனியிலும் மஞ்சள் தூள். மகள் எண்ண ஆரம்பித்து 90-க்கு மேல் விட்டுவிட்டாள். நாஞ்சில் அம்மா, நீங்கள் அனுப்பிய நான்கில் இரண்டு பூத்தன. மற்ற இரண்டும் இப்போது இலை விடுகின்றன.

அமரில்லிஸ் ஐந்தில் ஒன்று பூத்தது. ஒரே தண்டு, இரண்டு பூ. வால்பாறை வாசற்படிச் சிவப்பு அதுதான். அன்றைக்கு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "இன்னும் அந்தக் குவார்ட்டர்ஸ்ல இருக்குமோ" என்று கேட்டார்.

தப்பும் ஒன்று செய்தேன். யூகாரிஸ் இரண்டை மாமரத்தடியில் வைத்தேன், ஒன்றை மட்டும் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியட்டும் என்று சுவர் ஓரம் வைத்தேன். ஜனவரியில் நான் அளந்த நிழல்தான் மனதில் இருந்தது. ஈரோட்டுத் தம்பி எச்சரித்தும் மறந்துவிட்டேன். மே முதல் வாரம் இரண்டு இலை நடுவில் அப்பளம் மாதிரி வெளுத்துக் காய்ந்துவிட்டது. உடனே மாமரத்தடிக்கு மாற்றினேன்.

ஸ்பைடர் லில்லி பிரித்து நட்டதில் இதுவரை 7 தண்டு. ரெயின் லில்லி மழை முடிந்த நாலாம் நாள் மதில் ஓரம் முழுக்க ரோஸ் நிறம். கொப்பை வெட்டவில்லை. வீட்டுக்காரர் இப்போது அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

இரண்டு கேள்வி. ஃபுட்பால் லில்லிப் பூ வாடிவிட்டது, தண்டை வெட்டலாமா? யூகாரிஸின் கருகின இலையை எடுத்துவிடலாமா?


நாஞ்சில் மண், நாகர்கோவில்
மே 11

படத்தைப் பேத்திக்குக் காட்டினேன். இங்கேயும் இந்த வாரம்தான் பூத்தது.

பூத்தண்டை அடியோடு வெட்டலாம், விதை கட்டுவதற்குச் சக்தி போக வேண்டாம். இலையில் மட்டும் கை வைக்காதீர்கள், அடுத்த வருடப் பந்து அந்த இலையில்தான் உருவாகிறது. யூகாரிஸில் காய்ந்த பகுதியை மட்டும் கத்தரியுங்கள், பச்சை இருக்கிற வரை இலை வேலை செய்யும். அமரில்லிஸுக்கு இப்போதிலிருந்து ஐப்பசி வரை மாதம் ஒரு பிடி மண்புழு உரமும் எலும்புத்தூள் ஒரு ஸ்பூனும் கொடுத்துக் கிழங்கைத் தேற்றுங்கள்.

ஃபுட்பால் லில்லியின் இலை கார்த்திகை வாக்கில் மஞ்சளாகி விழுந்துவிடும். அப்புறம் அங்கே ஒன்றும் இருந்த தடமே தெரியாது. யாராவது வேலைக்கு வந்தவர் மண்வெட்டியை இறக்கிவிடுவார், எங்கள் வீட்டில் அப்படி மூன்று கிழங்கு போயிருக்கிறது. இப்போதே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி வையுங்கள்.